வளைவுக்கு அப்பால் கேட்கும் காது

அவிசாவளையைக் கடந்து கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை என்று ஹட்டனை நோக்கி ஏறும் ஏ7 வீதியில் வளைவுக்கு வளைவு ஹோர்ன் கேட்கும். கொழும்பில் ஹோர்ன் என்றால் எரிச்சல். மலையகத்தில் அது தகவல். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறு பக்கம் பள்ளம். இரண்டு பஸ்கள் உரசாமல் விலகுவதற்கே பக்குவம் வேண்டிய வளைவில், எதிரே வருவது லொறியா ஓட்டோவா என்று கண்ணால் அறிய வழியில்லை. காதுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் காதுக்குப் பக்கத்தில்தான் இப்போது ஒரு ஸ்பீக்கர் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஹெல்மட்டின் இடது பக்கத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கருவி, உள்ளே தட்டையான இரண்டு ஸ்பீக்கர்கள், வாயருகே ஒரு மைக். பாட்டுக் கேட்கலாம், அழைப்பு வந்தால் பேசலாம், கூட வரும் பைக்கில் இருப்பவரோடு கதைக்கலாம். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து பைக்கிலேயே தோட்டத்துக்குத் திரும்பும் பிள்ளைகள், ஏப்ரல் வசந்த காலத்துக்கு நுவரெலியாவுக்குக் கூட்டமாக வருகிறவர்கள், சிவனொளிபாதமலைப் பருவத்தில் மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகிறவர்கள் என்று பலருடைய தலையில் இதைக் காணலாம். இது இல்லாதவர் போனைக் கன்னத்துக்கும் ஹெல்மட்டுக்கும் நடுவில் செருகிக்கொண்டு ஒரு பக்கம் தலையைச் சாய்த்தபடி ஓட்டுகிறார். அதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் எதை வாங்குவது என்று கேட்டால் கடைக்காரரும் யூடியூப்காரரும் சொல்லும் பதில் பெரும்பாலும் ஐரோப்பிய நெடுஞ்சாலைக்குப் பொருந்துவது. மலைவீதிக்கு வேறு பதில் வேண்டும். அதை இயற்பியலிலிருந்து தொடங்குவதே நல்லது.

ஓர் அலை தடையைச் சுற்றி வளைந்து மறுபக்கம் போகுமா என்பதைத் தீர்மானிப்பது அதன் அலைநீளம். நீளமான அலைகள் வளையும். குட்டையானவை தடையின் பின்னால் நிழல் விட்டு நின்றுவிடும். ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆகவே மலைச்சரிவுக்குப் பின்னால் இருக்கும் பஸ் தெரியாது. காரின் ஹோர்ன் சுமார் 400 ஹேர்ட்ஸ் என்று வைத்தால், ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போவதால், அலைநீளம் 85 சென்றிமீற்றர். ஏற்றத்தில் முக்கும் லொறியின் உறுமலில் 100 ஹேர்ட்ஸ் பகுதியை எடுத்தால் அலைநீளம் 3.4 மீற்றர். இவை மண்மேட்டின் விளிம்பில் தாராளமாக வளைந்து நம்மிடம் வந்து சேர்கின்றன. புளூடூத் பயன்படுத்துவதோ 2.4 கிகாஹேர்ட்ஸ் வானொலி அலை. அதன் நீளம் 12.5 சென்றிமீற்றர். ஹோர்னைப் போல அதற்கு வளைய வராது, மண்ணைத் துளைத்துக்கொண்டும் போகாது. இந்த நான்கு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் மலையகத்தில் ஹெட்செட் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதில் பாதி விளங்கிவிடும்.

வளைவில் கிடைக்கும் அவகாசத்தையும் பார்த்துவிடலாம். நீங்கள் 40 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுகிறீர்கள், எதிரே பஸ் 30இல் இறங்குகிறது. இருவருக்கும் இடையிலுள்ள தூரம் நொடிக்கு 19 மீற்றர் குறைகிறது. 60 மீற்றருக்கு அப்பால் அடித்த ஹோர்ன் காதில் விழுந்தால் கையில் மூன்று நொடி. விழாவிட்டால், பஸ்ஸின் முகப்பு கண்ணில் படும்போது எவ்வளவு மிச்சமிருக்குமோ அவ்வளவுதான்.

இனி கருவிக்கு வருவோம். விளம்பரங்கள் முதலில் பேசுவது ஒலியின் உரத்தைப் பற்றி. அதற்குக் காரணம் காற்று. ஹெல்மட்டைச் சுற்றி ஓடும் காற்று கொந்தளித்து எழுப்பும் இரைச்சல், மணிக்கு 65 கிலோமீற்றர் வேகத்திலேயே காதருகில் 90 டெசிபலைத் தொடுவதாக அளவீடுகள் காட்டியிருக்கின்றன. நெடுஞ்சாலை வேகத்தில் அது 100ஐத் தாண்டும். பிரிட்டனின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் ஹெல்மட்டை வைத்து ஆராய்ந்தபோது, மோவாய்க்குக் கீழே உள்ள இடைவெளியிலிருந்துதான் இரைச்சலின் பெரும்பகுதி வருகிறது என்று கண்டார்கள். அதற்கு எதிராக ஒரு பாட்டு கேட்க வேண்டுமானால் அது இரைச்சலையும் விஞ்சிக் கத்த வேண்டும். செவிப் பாதுகாப்பில் அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம்வரை இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். உள்காதின் மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

ஆனால் ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகிறவர் எந்த வேகத்தில் போகிறார்? கொட்டகலையைத் தாண்டி டெவன், சென்கிளேயர் அருவிகளை எட்டிப் பார்க்கும் வளைவுகளில் 30, 40 கிலோமீற்றர். காற்றின் இரைச்சல் வேகத்தோடு மிக வேகமாக ஏறும் இயல்புடையது. வேகம் இரட்டித்தால் 15 முதல் 18 டெசிபல் கூடும். திருப்பிப் போட்டால் 65இல் 90 டெசிபலாக இருந்தது, 35இல் எழுபதுகளின் நடுப்பகுதிக்கு இறங்கிவிடும். சிறிய எஞ்சின்கள் இரண்டாவது கியரில் திணறும் சத்தம், ஹெல்மட்டில் விழும் மழை, முன்னால் போகும் பஸ்ஸின் சைலன்சர், இவைதான் இங்கே நமக்குள்ள இரைச்சல். ஆகவே காதைப் பிளக்கும் ஸ்பீக்கருக்கு மலையகத்தில் வேலையில்லை. மெல்லிய ஒலியிலும் தெளிவாகக் கேட்கும் ஸ்பீக்கர் வேண்டும். ஒலியைச் சிறு சிறு படிகளாகக் குறைக்க முடிய வேண்டும். ஒரே அழுத்தில் மௌனத்திலிருந்து கூச்சலுக்குத் தாவும் மலிவுக் கருவிகள் உண்டு. வாங்கும் முன் கடையிலேயே அழுத்திப் பாருங்கள்.

பாட்டு ஹோர்னை எப்படி மறைக்கிறது என்பது சுவாரசியமான விஷயம். ஒரு சத்தம் இன்னொன்றை விழுங்க இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டியதில்லை. உள்காதில் தாழ்ந்த ஒலிகளின் அதிர்வு, தம்மைவிட உயர்ந்த ஒலிகளுக்குரிய பகுதிகளின் மேலும் படர்ந்துவிடுகிறது. அதனால் கனத்த பேஸ் ஒலி தனக்கு மேலே இருக்கும் ஹோர்னை அமுக்கும். ஹெல்மட் இப்படி ஹோர்னை அமுக்குவதில்லை. கூரிய உயர் ஒலிகளைத்தான் அது நன்றாகத் தடுக்கிறது; 500 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் உள்ளே வந்துவிடுகின்றன. ஹோர்னின் அடிச்சுருதி அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அப்படி உள்ளே வந்ததை நாமாகவே பேஸை ஏற்றி அழித்துக்கொள்கிறோம். ஈக்வலைசர் இருந்தால் பேஸைத் தணித்து வையுங்கள். இன்றைய திரைப்பாடல்கள் இடைவெளியே இல்லாமல் எல்லா நொடியும் ஒரே உரத்தில் இருக்கும்படி ஒலிப்பதிவு செய்யப்படுகின்றன. பழைய பாடல்களில் மூச்சு விட இடம் உண்டு. மலை ஏறும்போது எதைக் கேட்கலாம் என்பதில் என் சார்பு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

காதுக்குள் செருகும் இயர்பட்ஸை ஹெல்மட்டுக்குள் போடுவது வேறு கதை. அது காதையே அடைத்துவிடுகிறது. இரைச்சல் நீக்கும் வகையாக இருந்தால் இன்னும் மோசம்: அந்தத் தொழில்நுட்பம் எதிர்அலை உண்டாக்கித் திறமையாக அழிப்பது சுமார் 1,000 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை. லொறியின் உறுமல் முதலில் காணாமல் போகும். ஹெல்மட் கருவிகளின் பெட்டியிலும் ‘இரைச்சல் நீக்கம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம், அநேகமாக அது மைக்குக்கானது. உங்கள் குரலிலிருந்து காற்றை வடிகட்டி மறுமுனையில் இருப்பவருக்கு அனுப்புவது. உங்கள் காதுக்கு அதனால் எந்த மாற்றமும் இல்லை.

மைக் பற்றிப் பேசும்போது எத்தியேன் லொம்பார்டை நினைக்க வேண்டும். சத்தத்தின் நடுவே மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள் என்பதை 1911இல் எடுத்துக்காட்டிய பிரெஞ்சு மருத்துவர் அவர். தன் குரல் தனக்கே கேட்காதபோது தொண்டை தானாகத் திறக்கிறது. பைக்கில் போகிறவர் போனில் அலறுவதற்குக் காரணம் இதுதான். மறுமுனையில் இருக்கும் அம்மா ‘ஏன்டா கத்துற’ என்று கேட்பதற்கும் இதுதான். நல்ல கருவி உங்கள் குரலை உங்கள் ஸ்பீக்கரிலேயே மெல்லத் திருப்பிக் கேட்கவைத்து இதைத் தணிக்கும். முகம் திறந்த ஹெல்மட்டுக்குத் தண்டில் நீண்ட மைக்கும், முகம் மூடிய ஹெல்மட்டுக்கு மோவாய்ப் பகுதியில் ஒட்டும் பொத்தான் மைக்கும் வேண்டும். சில பெட்டிகளில் இரண்டும் இருக்கும், சிலவற்றில் ஒன்றுதான். இதைப் பார்க்காமல் வாங்கி வந்து முழிப்பவர்கள் நிறைய. 2015இல் முகத்தை முழுதும் மூடும் ஹெல்மட்டுக்குத் தடை வருமென்று நாட்டில் பெரிய சர்ச்சை நடந்தது நினைவிருக்கலாம். பாதுகாப்புக்கும் சரி, மைக்குக்கும் சரி, அந்த ஹெல்மட்டே சிறந்தது.

பாட்டு தெளிவாக ஓடிக்கொண்டிருக்கும். அழைப்பு வந்ததும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். கருவி பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. பழுதில்லை. புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, அழைப்புக்கு வேறு வழி. பாட்டு ஒரு திசையில் மட்டும் போவது. தரவு முழுவதையும் அதற்கே கொடுக்கலாம். அழைப்பில் போகவும் வரவும் வேண்டும், தாமதமும் கூடாது. ஆகவே ஒலியை நொடிக்கு 8,000 முறை மட்டும் அளந்து அனுப்பும் பழைய முறைக்கு இறங்கிவிடுகிறது. 16,000 முறை அளக்கும் அகன்ற குரல் முறை இருக்கும் கருவியில் பேச்சு கணிசமாகத் தெளியும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். புளூடூத் 5.0ஆ 5.3ஆ என்று கேட்டு வருவதில் பெரிய பயனில்லை. ஐந்தாம் பதிப்பில் தூரம் நான்கு மடங்கு என்ற பேச்சு உண்மையானாலும் அது குறைந்த மின்சக்தியில் சிறு தகவல் அனுப்பும் பிரிவுக்குரியது. நம் பாட்டும் அழைப்பும் ஓடும் பழைய பிரிவுக்கு அது பொருந்தாது.

பேசலாமா என்பதே வேறு கேள்வி. 1997இல் ரெடெல்மையரும் டிப்ஷிரானியும் கனடாவின் டொரொன்டோவில் விபத்தில் சிக்கிய 699 கார் சாரதிகளின் தொலைபேசிக் கணக்குகளை ஆராய்ந்தார்கள். போனில் பேசும் நேரத்தில் விபத்து வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசும் கருவிகளாலும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. 2001இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரேயரும் ஜோன்ஸ்டனும் செய்த சோதனைகளும் அதையே சொல்லின: தடை கையில் இல்லை, கவனத்தில் இருக்கிறது. பாட்டோ வானொலியோ அந்த அளவுக்குக் கவனத்தைப் பறிக்கவில்லை. வண்டியில் கூட இருப்பவரோடு பேசுவது அவ்வளவு மோசமில்லை என்றும் பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. வளைவு வந்தால் அவரும் அதைப் பார்க்கிறார், பேச்சை நிறுத்துகிறார். கொழும்பிலிருந்து பேசும் மேலாளருக்கு நீங்கள் ரம்பொடை வளைவில் இருப்பது தெரியாது. ஆகவே பின்னால் அமர்ந்திருக்கும் மனைவியோடு பேச இன்டர்கொம் வாங்குவதை நான் ஆதரிப்பேன். ஓட்டும்போதே அலுவலக அழைப்பு எடுக்க வாங்குவதை அல்ல.

இரண்டு பைக்குகளுக்கு இடையே பேசும் இன்டர்கொம்மில்தான் மலையகம் கருவியின் உண்மையான முகத்தைக் காட்டும். பெட்டியில் ஒரு கிலோமீற்றர், ஒன்றரை கிலோமீற்றர் என்று எழுதியிருக்கும். திறந்த வெளியில், இடையே எதுவும் இல்லாமல், இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும் நிலையில் என்பது சிறிய எழுத்தில் இருக்கும். லபுக்கலைப் பக்கம் கொண்டையூசி வளைவில் நண்பன் உங்களுக்கு நேர் மேலே, கல்லெறி தூரத்தில் இருப்பான், குரல் வராது. நடுவே மண். வானில் பறக்கும் தூரம் அல்ல, பார்வைக்கோடு இருக்கிறதா என்பதுதான் கணக்கு. பலர் பழியைப் பனிமூட்டத்தின் மேல் போடுகிறார்கள். பனித்துளிகள் 12.5 சென்றிமீற்றர் அலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கொட்டும் மழைகூடக் கிலோமீற்றருக்கு ஒரு டெசிபலில் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இந்த அலையைத் தேய்க்கும். தடுப்பவை மலை, ஈரம் சொட்டும் மரங்கள், நம் உடல். பனியில் குறைவது நண்பனின் விளக்குத் தெரியும் தூரம். பேச்சுக் கேட்கும் தூரம் அல்ல.

சாதாரண புளூடூத் இன்டர்கொம் சங்கிலி போன்றது: முதலாமவர் இரண்டாமவரோடு, அவர் மூன்றாமவரோடு. நடுவில் ஒருவர் வளைவில் மறைந்தால் சங்கிலி அறும், மீண்டும் இணைக்கப் பொத்தான்களோடு மல்லாட வேண்டும். மெஷ் என்ற முறையில் ஒவ்வொரு கருவியும் கிட்ட இருக்கும் எல்லாக் கருவிகளோடும் தொடர்பு வைத்து, பேச்சை எவர் வழியாகவாவது கடத்திவிடும். பிரிந்தவர் திரும்பி வந்தால் தானாகச் சேர்ந்துகொள்வார். கார்டோ, சேனா நிறுவனங்களின் விலைகூடிய மாதிரிகளில் இது பிரபலமானது. இப்போது சீனத் தயாரிப்புகளிலும் வருகிறது. ஐந்தாறு பேர் வரிசையாக மலை ஏறும்போது இடையில் இருப்பவர்களே வளைவுக்கு வளைவு அஞ்சல் நிலையங்களாகி விடுவதால், மெஷ் கொடுத்த காசுக்கு உழைப்பது சமவெளியைவிட இங்கேதான். ஆனால் ஒன்று: ஒரு நிறுவனத்தின் மெஷ் இன்னொரு நிறுவனத்தின் மெஷ்ஷோடு பொதுவாகப் பேசாது. கூட்டத்தில் எல்லோரும் ஒரே வகையை வாங்க வேண்டும். தனியாகப் போகிறவருக்கு இது வீண் செலவு.

மழை. வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும்; நாட்டிலேயே அதிகம் நனையும் இடங்களில் ஒன்று. கருவியின் மேல் ஐபி என்ற எழுத்துகளோடு இரண்டு இலக்கம் இருக்கும். முதலாவது தூசிக்கு, இரண்டாவது நீருக்கு. நீருக்கு 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். 5, 6 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 வாங்கிய கருவி 5ஐயும் 6ஐயும் தானாகவே தாங்கும் என்று பொருளில்லை. அவை வேறு சோதனைகள். நிற்கும் நீரும் முகத்தில் அறையும் நீரும் ஒன்றல்ல. நமக்கு முக்கியமானது இரண்டாவது. இரண்டும் குறித்திருந்தால் நல்லது. எதுவானாலும் சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடிதான் பலவீனமான இடம். அது தளர்ந்தால் இலக்கங்களுக்கு மதிப்பில்லை. குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம். லித்தியம் பெற்றரி உறைநிலைக்குக் கிட்டப் போனால்தான் கணிசமாகச் சோரும். நுவரெலியாவில் ஜனவரி விடியற்காலையில் பூங்காப் புல்லில் உறைபனி விழும் சில நாட்களைத் தவிர அந்த நிலை வராது. கவலைப்பட வேண்டியது கீழே இறங்கும்போது. குளிர்ந்த கருவி கித்துல்கலையின் ஈரக் காற்றைச் சந்தித்தால் உட்பக்கம் வியர்க்கும். அந்த ஈரத்தோடு உடனே சார்ஜில் போடக் கூடாது.

ஏறும்போது இன்னொன்று நடக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றரில் உள்ள நுவரெலியாவுக்கு வந்தால் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். காது அடைத்து எல்லாம் மந்தமாகக் கேட்கும். ஸ்பீக்கர் குறைந்துவிட்டது என்று ஒலியைக் கூட்டுவார்கள். எச்சிலை விழுங்கினால் அடைப்புப் போய்விடும். முதலில் அதைச் செய்யுங்கள்.

பொருத்தும் விதத்தில் ஒரே ஒரு விதி: ஹெல்மட்டுக்குள் இருக்கும் ரெஜிபோமை வெட்டவோ துளைக்கவோ கூடாது. விழுந்தால் நசுங்கி உயிரைக் காப்பது அதுதான். காதுப் பள்ளம் உள்ள ஹெல்மட்டில் ஸ்பீக்கர் அமரும். இல்லாததில் அமராது, சிறிது தூரத்திலேயே காது வலிக்கும். ஸ்பீக்கரின் நடு காதுத் துளைக்கு நேரே இருக்கட்டும். ஒரு சென்றிமீற்றர் விலகினாலும் ஒலி மங்கும், நீங்கள் கூட்டுவீர்கள். துணைக்கருவிகள் பொருத்திய நிலையிலும் ஹெல்மட்டைச் சோதிக்கும் விதிகள் ஐரோப்பாவின் 22.06 தரத்தில்தான் வந்தன. ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் போடலாம் என்று நினைப்பவர் இடது பக்கத்தில் போடட்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். எதிர்வரும் வண்டியும் முந்தும் வண்டியும் வலப்பக்கத்தில்தான்.

பாடல்களைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மடிப்புகளில் இணையத்தை நம்பி ஓடும் பாட்டு பாதியில் நிற்கும். வலையமைப்பைத் தேடியே போனின் பெற்றரி தீரும். கருவியில் எஃப்எம் இருந்தால் சூரியனோ சக்தியோ இழுக்கும். எஃப்எம் அலை மூன்று மீற்றர் நீளம், மலையை ஓரளவு சுற்றும். ஆனால் கைவிரல் அளவு ஆன்டெனாவுக்கு அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

சுருதியும் இலக்கமும் பார்த்த பிறகு என் தீர்ப்பு இது. தனியாகவோ மனைவியோடோ ஹட்டன், நுவரெலியா பக்கம் ஓட்டுகிறவருக்கு மெஷ் தேவையில்லை. மழையைத் தாங்கும், அகன்ற குரல் முறை உள்ள, கையுறையோடு அழுத்தக்கூடிய பெரிய பொத்தான் கொண்ட நடுத்தர விலைக் கருவி போதும். மிச்சமாகும் காசை ஹெல்மட்டில் போடுங்கள். கூட்டமாகப் போகிறவர்கள் ஒரே நிறுவனத்தின் மெஷ் வாங்குங்கள். பல கருவிகளில் அழைப்பு வந்தால் ஏதாவது ஒரு சொல் சொன்னதும் இணைத்துவிடும் வசதி இருக்கிறது. பாட்டோடு சேர்ந்து பாடினாலும் அது எடுத்துக்கொள்ளும். வாங்கிய அன்றே அமைப்புகளில் போய் அதை அணைத்துவிடுங்கள். அழைப்பு அவசரமானால் வீதி அகலமாக இருக்கும் இடத்தில் ஓரங்கட்டி நிறுத்திப் பேசிக்கொள்ளலாம்.